'லிக்.' என்றால் வக்கீலா, பட்டதாரியா? ஸ்பானிஷ் 'லிசென்சியாதோ' பற்றி ஓர் இழை

வேடந்தாங்கல் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். தலை போகிற அவசரம் இல்லை, ஆனால் வியாழக்கிழமை ஃப்ளெக்ஸ் கடைக்குக் கொடுத்தாக வேண்டும்.

ஒரகடம் பக்கம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலைக்கு அவ்வப்போது மொழிபெயர்த்துக் கொடுக்கிறேன். அவர்களுடைய மெக்சிகோ கிளையிலிருந்து, கெரேத்தாரோ என்ற ஊர், ஒரு குழு வருகிறது. பாதுகாப்பு வார விழா அழைப்பிதழும் மேடை பேனரும் தமிழில் வேண்டும். வருகிறவர்களின் பட்டியலில் சிலர் பெயருக்கு முன்னால் 'இங்.' என்று இருக்கிறது, ஒருவருக்கு 'சே.பே.', ஓர் அம்மாவுக்கு 'ம்த்ரா.'. மீதி அத்தனை பேருக்கும் 'லிக்.'. ரோமன் எழுத்தில் பார்த்தால் நம்ம ஊர் எல்.ஐ.சி. மாதிரியே இருக்கிறது. ஆபீஸ் பையன் ஒருவன் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுகளா என்று கேட்டான்.

அகராதியில் தேடினால் 'லிசென்சியாதோ', பொருள் வழக்கறிஞர் என்று வருகிறது. யாரோ அதை நம்பி எல்லாருக்கும் 'வழக்கறிஞர்' என்று போட்டு வரைவு அனுப்பிவிட்டார்கள். மேலாளர் பார்த்துவிட்டு, "எதுக்குங்க இத்தனை வக்கீல்? நம்ம மேல கேஸ் போட வர்றாங்களா?" என்றாராம். அதில் ஒருவர் மனிதவளத் தலைவர், ஒருவர் கொள்முதல், இன்னொருவர் செய்தித்தொடர்பு. சரியான பொருள் என்ன? தமிழில் என்ன போடுவது?

மதுரைக்காரி எழுதியது:

உங்கள் மேலாளர் கேட்டது சரியான கேள்வி! நான் மெக்சிகோவில் குடியிருக்கிறேன், தினமும் காதில் விழுகிற சொல் இது.

லிசென்சியாத்துரா என்பது பல்கலைக்கழகத்தின் முதல் பட்டம். மெக்சிகோவில் பெரும்பாலும் நான்கு முதல் ஐந்து வருடப் படிப்பு. அதை முடித்த ஆண் லிசென்சியாதோ, பெண் லிசென்சியாதா. 'லிக்.' என்ற சுருக்கம் இருவருக்கும் பொது. சட்டம், நிர்வாகம், உளவியல், இதழியல், அரசியல் என எதைப் படித்திருந்தாலும் லிக்.தான். பொறியாளர்களுக்குத் தனியாக 'இங்.' (இன்ஹெனியேரோ), கட்டடக்கலைக்காரர்களுக்கு 'ஆர்க்.', கணக்கர்களுக்கு 'சே.பே.' (கொந்தாதோர் பூப்ளிகோ). நீங்கள் சொன்ன 'ம்த்ரா.' என்பது மாஎஸ்த்ரா, அதாவது முதுநிலைப் பட்டம் வாங்கியவர். மாஎஸ்த்ரா என்றால் டீச்சர் என்றும் பொருள் உண்டு. அதை நம்பி 'ஆசிரியை' என்று போட்டுவிடாதீர்கள்.

தொழிற்சாலைக்குள் இந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள். உற்பத்திப் பிரிவில் இருக்கிறவரை 'இங்ஹே' என்று கூப்பிடுவார்கள். அவரை லிசென்சியாதோ என்று அழைத்தால் கோபப்பட மாட்டார், ஆனால் 'நான் இன்ஜினியர்' என்று சிரித்துக்கொண்டே திருத்துவார். மனிதவளம், சட்டம், விற்பனை மாடியில் எல்லாரும் லிசென்சியாதோ, லிசென்சியாதா. நெருங்கிப் பழகினால் 'மி லிக்', அதாவது 'என் லிக்'.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கார் நிறுத்துமிடத்தில் துணியை ஆட்டி வழி காட்டுகிறவர், ஷூ பாலிஷ் போடுகிறவர், ஹோட்டல் சர்வர் என்று எல்லாருமே கோட்டு போட்ட எவரையும் 'பாசெலே, லிசென்சியாதோ' (வாங்க, லிசென்சியாதோ) என்று அழைப்பார்கள். அங்கே யாரும் சான்றிதழைப் பார்த்துவிட்டு அழைப்பதில்லை. சட்டை மடிப்பு கலையாமல் இருந்தால் போதும்.

கரையோரம் எழுதியது:

இதில் என்ன குழப்பம்? முதல் பட்டம் என்றால் 'இளநிலைப் பட்டதாரி'. பேனரில் 'பட்டதாரி திரு. இன்னார்' என்று போட்டு முடித்துவிடலாமே. எல்லாவற்றையும் ஒலிபெயர்த்துக்கொண்டிருந்தால் தமிழ் எதற்கு?

மதுரைக்காரி எழுதியது:

'பட்டதாரி திரு.' என்று எந்த அழைப்பிதழில் பார்த்திருக்கிறீர்கள் அண்ணே? நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகையில் 'பி.இ., எம்.பி.ஏ.' பெயருக்குப் பின்னால் வரும். முன்னால் வருவது மரியாதைச் சொல். மெக்சிகோவில் 'லிக்.' இரண்டு வேலையும் பார்க்கிறது. 'பட்டதாரி' என்று போட்டால் முதல் வேலை மட்டும் மிஞ்சும், அதுவும் 'வேலையில்லாப் பட்டதாரி' வாடையோடு.

பழஞ்சுவடி எழுதியது:

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கொஞ்சம் பின்னால் போனால் இந்த இரட்டை வேலை எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

இடைக்காலப் பல்கலைக்கழகங்களில் படிப்பை முடித்தவனுக்குக் கிடைத்தது 'லிசென்சியா தொசெந்தி', அதாவது கற்பிக்க அனுமதி. தேவாலயத்தின் சார்பில் இருந்த அதிகாரி அந்த அனுமதியைக் கொடுப்பார். பெற்றவன் லிசென்சியாதோ. பாச்சியேர் அதற்குக் கீழ்ப்படி, தோக்தோர் மேல்படி. 1218இல் தொடங்கிய ஸ்பெயினின் சலமாங்கா பல்கலைக்கழகத்தில் இந்தத் தேர்வை நடத்திய விதத்தைக் கேட்டால் நம்முடைய அரியர் பேப்பர்கள் எல்லாம் ஒன்றுமே இல்லை. பழைய பேராலயத்தை ஒட்டி, லுசேரோ என்ற ஆயர் கட்டிய புனித பார்பரா சிற்றாலயம் இருக்கிறது. நடுவில் அந்த ஆயரின் கல்லறை. தேர்வுக்கு முந்தைய இரவு மாணவனை உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார்கள். கல்லறைச் சிற்பத்தின் பாதங்களில் தன் கால்களை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து இரவெல்லாம் படிப்பான் என்பது மரபு. காலையில் பேராசிரியர்கள் வந்து சுற்றி உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள்.

தேறியபின் தோக்தோர் ஆவதற்கு அறிவை விடப் பணம்தான் தடை. விருந்து, ஊர்வலம், காளைச் சண்டை எல்லாம் பட்டம் வாங்குகிறவன் செலவு. ஆகவே கெட்டிக்காரர்கள் பலர் லிசென்சியாதோவோடு நின்றுவிட்டார்கள். ஊரில் படித்த மனிதர் என்றால் அவர்தான். 'தோன் கிஹோத்தே' (நாம் டான் குயிக்சாட் என்கிற நாவல்) படித்தவர்களுக்கு நினைவிருக்கும், ஊர்ப் பாதிரியாரை எல்லாரும் 'செஞோர் லிசென்சியாதோ' என்றே அழைப்பார்கள். இரண்டாம் பாகத்தில் வருகிற இளைஞன் சான்சோன் கர்ராஸ்கோ வெறும் பாச்சியேர். வாசகனுக்கு அந்தப் படிநிலை அன்றே புரிந்திருக்கும்.

இந்தப் பட்டம் தமிழ்நாட்டுக்கும் வந்ததுதான். பழைய தலைமையாசிரியர்கள் வீட்டு வாசலில் 'பி.ஏ., எல்.டி.' என்று பலகை இருக்குமே? அந்த எல்.டி., சென்னைப் பல்கலைக்கழகத்தின் 'லைசென்ஷியேட் இன் டீச்சிங்'. ரோமாபுரியில் படித்துவிட்டு வருகிற நம் குருக்கள் பெயருக்குப் பின்னால் எஸ்.டி.எல்., ஜே.சி.எல். என்று வருவதும் இறையியல், திருச்சபைச் சட்ட லைசென்ஷியேட்தான். அங்கே இன்றைக்கும் அது முனைவர் பட்டத்துக்கு முந்தின படி.

வலென்சியாவாசி எழுதியது:

ஸ்பெயினில் இருந்து ஒரு குரல். முதலில் உச்சரிப்பு: இங்கே பெரும்பாலான இடங்களில் லிதென்தியாதோ. அவசரமாகப் பேசும்போது லிதென்தியாவோ.

ஸ்பெயினில் யாரையும் 'லிதென்தியாதோ' என்று கூப்பிட மாட்டார்கள். பேங்கில் போய் மேனேஜரை அப்படி அழைத்தால் மெக்சிகன் சீரியல் நிறையப் பார்க்கிறீர்களா என்று கேட்பார்கள். இங்கே அது சான்றிதழில் இருக்கிற பட்டம், அவ்வளவுதான். அந்தப் பட்டமும் இப்போது புதிதாகக் கொடுக்கப்படுவதில்லை. ஐரோப்பிய நாடுகளின் பட்டங்களை ஒரே அளவுக்குக் கொண்டுவந்த போலோஞா சீர்திருத்தத்தின்படி 2007இல் வந்த அரசாணை பழைய லிதென்தியாத்துராவுக்குப் பதிலாக 'கிராதோ' என்ற பட்டத்தைக் கொண்டுவந்தது. பொதுவாக 240 கிரெடிட், நான்கு வருடம். மருத்துவத்துக்கு 360. அதை முடித்தவர் 'கிராதுவாதோ'. ஆக, ஒருவர் தன்னை லிதென்தியாதோ என்று சொன்னால் ஏறக்குறைய அவர் வயதையும் சொல்லிவிட்டார் என்று அர்த்தம்.

கண்ணில் படுகிற ஓரிடம், மருந்துக்கடைப் பலகை. பச்சைச் சிலுவைக்குக் கீழே உரிமையாளர் பெயரும் அதற்கு முன்னால் 'ல்தோ.' அல்லது 'ல்தா.'வும் இருக்கும். மருந்தியல் படித்தவர்தான் மருந்துக்கடை வைத்திருக்க முடியும் என்பதால் பெயர்ப்பலகையே சான்றிதழ் மாதிரி.

மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பழைய நாவலில் 'சோல்தாதோ லிதென்தியாதோ' என்று வந்தால் 'பட்டதாரிச் சிப்பாய்' என்று எழுதிவிடாதீர்கள். படைப்பணி முடிந்து விடுவிக்கப்பட்டவன் என்று பொருள். அனுமதி வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டான், அதே வேர்ச்சொல்.

கரையோரம் எழுதியது:

அப்படியானால் என் கட்சிதான் ஜெயிக்கிறது. ஸ்பெயினில் அது வெறும் பட்டம். மெக்சிகோக்காரர்கள் ஏதோ உபசாரத்துக்குச் சொல்வதை நாம் ஏன் தலையில் தூக்கிவைத்துக்கொள்ள வேண்டும்?

மதுரைக்காரி எழுதியது:

வருகிறவர்கள் மெக்சிகோக்காரர்கள் அண்ணே, ஸ்பெயின்காரர்கள் இல்லை.

அந்த 'ஏதோ உபசாரம்' எவ்வளவு கனமானது என்பதற்கு ஓர் உதாரணம். மெக்சிகோ விமான நிலையங்களின் முழுப் பெயர்களைப் பாருங்கள். மொந்தெர்ரேய்: ஜெனரல் மரியானோ எஸ்கொபேதோ. திஹுவானா: ஜெனரல் அபெலார்தோ ரொத்ரிகேஸ். தொலூகா: லிசென்சியாதோ அதோல்ஃபோ லோபெஸ் மத்தேயோஸ். புவேர்த்தோ வயார்த்தா: லிசென்சியாதோ குஸ்தாவோ தீயாஸ் ஓர்தாஸ். புரட்சிக்குப் பிறகு நாட்டை ஆண்டவர்கள் பெரும்பாலும் ஜெனரல்கள். 1946இல் ஆவிலா கமாச்சோ பதவியை விட்டு இறங்கியதோடு ஜெனரல்களின் வரிசை முடிந்தது. அடுத்து வந்த மிகேல் அலெமான் சட்டம் படித்தவர், அவர் காலத்திலிருந்து பெரும்பாலும் லிசென்சியாதோக்களின் ஆட்சி. லோபெஸ் மத்தேயோஸும் தீயாஸ் ஓர்தாஸும் அந்த வரிசையில் வந்த அதிபர்கள். துப்பாக்கி போய் கோட்டு வந்ததை அந்த ஒரு சொல்லில் படிக்கலாம். அதிகாரம் எங்கே இருக்கிறதோ அங்கே லிக். ஒட்டிக்கொண்டது. பார்க்கிங்காரர் சொல்லும் லிசென்சியாதோவும் அங்கிருந்து இறங்கி வந்ததுதான் என்பது என் எண்ணம்.

இப்போது அது மெல்ல மாறுகிறது. முந்தைய அதிபர் லோபெஸ் ஓப்ரதோர் லிசென்சியாதோ. 2024இல் வந்த க்ளவுதியா ஷெயின்பாம் யூ.என்.ஏ.எம். பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர், அதனால் அவரைத் 'தொக்தோரா' என்கிறார்கள்.

அந்தீஸ்மலை எழுதியது:

தென் அமெரிக்காவைப் பற்றி யாருமே சொல்லவில்லையே. இதே சொல் எல்லை தாண்டினால் வேறு ஆளாகிவிடும்.

பெரூ: முதலில் கிடைப்பது பாச்சியேர். அதன்பின் ஆய்வேடோ தொழில் திறன் தேர்வோ முடித்தால்தான் லிசென்சியாதோ என்ற தொழிற்பட்டம். வக்கீலுக்கு அபோகாதோ, பொறியாளருக்கு இன்ஹெனியேரோ என்று தனிப் பெயர்கள் உண்டு. ஆஸ்பத்திரி வார்டில் நோயாளி 'லிசென்சியாதா!' என்று குரல் கொடுத்தால் ஓடி வருவது நர்ஸ். செவிலியர் பட்டம் பெற்றவர் என்று பொருள். உதவியாளரிடமிருந்து அவரைப் பிரித்துக் காட்டுகிற சொல். பொலிவியாவிலும் அப்படித்தான். நம்மவர்கள் 'சிஸ்டர்' என்று அழைக்கிற அதே தொனி, ஆனால் அதில் படித்து வாங்கிய பெருமையும் சேர்ந்திருக்கும். மெக்சிகோ அகராதியை வைத்துக்கொண்டு லிமா மருத்துவமனைக் கோப்பை மொழிபெயர்த்தால், வார்டு முழுக்க வக்கீல்கள் ஊசி போட்டுக்கொண்டிருப்பார்கள்.

கொலம்பியா: லிசென்சியாதோ என்றால் பள்ளி ஆசிரியர். அங்கே லிசென்சியாத்துரா என்ற பெயர் கல்வியியல் பட்டங்களுக்கு உரியது. கணித லிசென்சியாதோ என்றால் கணக்கு வாத்தியார் என்று கொள்ளலாம். மரியாதைக்கு அழைப்பது என்றால் 'தோக்தோர்'. அது டாக்டருக்கும் உண்டு, வக்கீலுக்கும் உண்டு, கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ள எவருக்கும் உண்டு.

அர்ஜென்டினா: வக்கீல் 'தோக்தோர்'. உளவியல் ஆலோசகர்தான் 'லிசென்சியாதா'. புவெனோஸ் அய்ரெஸில் உளவியல் ஆலோசகர்களுக்குப் பஞ்சமே இல்லை என்பதால் சொல்லுக்கும் நல்ல புழக்கம்.

சிலி: சட்டக் கல்லூரி கொடுப்பது சட்ட அறிவியல் லிசென்சியாதோ பட்டம் மட்டும். அதை வைத்துக்கொண்டு வழக்காட முடியாது. அபோகாதோ என்ற பட்டத்தை உச்ச நீதிமன்றம் கொடுக்கும். பள்ளியிறுதி முடிந்ததும் நடக்கிற விழாவுக்கும் அங்கே லிசென்சியாத்துரா என்றுதான் பெயர். பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளைகள்!

போர்த்தோ ரீக்கோ: வக்கீல் பெயருக்கு முன்னால் 'ல்க்தோ.', 'ல்க்தா.'. அங்கே என்றால் உங்கள் ஆபீஸ்காரர் போட்ட 'வழக்கறிஞர்' பெரும்பாலும் சரியாக இருந்திருக்கும்.

நெய்தல்தம்பி எழுதியது:

இழையைக் கடத்துகிறேன் என்று நினைக்காதீர்கள், என் கேள்வியும் இதோடு சேர்ந்ததுதான். கோஸ்தா ரீக்காவில் படித்த உறவினர் ஒருவரின் சான்றிதழில் 'பாச்சியெராத்தோ' என்று இருக்கிறது. அதை மதிப்பிட்ட தனியார் நிறுவனம் ஒன்று 'பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமம்' என்று எழுதிவிட்டது. அவர் நான்கு வருடம் பல்கலைக்கழகத்தில் படித்தவர். என்ன கோளாறு?

அந்தீஸ்மலை எழுதியது:

தம்பி, ஸ்பெயின் அளவுகோலை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஸ்பெயினில் பாச்சியெராத்தோ என்பது மேல்நிலைப் பள்ளியின் கடைசி இரண்டு வருடம். கோஸ்தா ரீக்காவில் பள்ளியிறுதிக்கும் அந்தப் பெயர் உண்டு, பல்கலைக்கழகத்தின் நான்கு வருட முதல் பட்டத்துக்கும் உண்டு. பின்னது 'பாச்சியெராத்தோ உனிவெர்சித்தாரியோ'. அதற்கு மேல் இன்னொரு வருடமும் இறுதி ஆய்வும் முடித்தால்தான் அங்கே லிசென்சியாதோ. மதிப்பெண் பட்டியல், மொத்த கிரெடிட், படிப்புக் காலம், பல்கலைக்கழகத்தின் பெயர் நான்கையும் சேர்த்து மறுபரிசீலனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். பட்டத்தின் பெயரை மட்டும் நம்பி ஸ்பானிஷ் சான்றிதழ் எதையும் மதிப்பிடக் கூடாது.

பழஞ்சுவடி எழுதியது:

நெய்தல்தம்பி, மொழிபெயர்க்கும்போதும் அதே விதிதான். சட்டபூர்வ ஆவணத்தில் பட்டத்தின் பெயரை மாற்றவே மாற்றாதீர்கள். ஒலிபெயர்த்து எழுதிவிட்டு, அடைப்புக்குறிக்குள் 'நான்கு ஆண்டுப் பல்கலைக்கழகப் பட்டம்' என்று விளக்குங்கள். எது எதற்குச் சமம் என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலை இல்லை.

கரையோரம் எழுதியது:

அதை ஒப்புக்கொள்கிறேன். ஆவணத்தில் ஒலிபெயர்ப்பு சரி. பேனரிலும் கதையிலும் எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. வேறொரு சந்தேகம்: யார் வேண்டுமானாலும் லிக். என்று போட்டுக்கொள்ளலாமா? யாரும் கேட்க மாட்டார்களா?

மதுரைக்காரி எழுதியது:

கூப்பிடுகிறவரை யாரும் கேட்க முடியாது. ஆனால் தானே எழுத்தில் போட்டுக்கொண்டு தொழில் பார்த்தால் சிக்கல். மெக்சிகோவில் பல்கலைக்கழகம் கொடுப்பது 'தீத்துலோ', அதாவது பட்டச் சான்றிதழ். அதைக் கல்வி அமைச்சகத்தில் பதிவு செய்து 'செதுலா ப்ரொஃபெசியோனால்' என்ற எண் வாங்க வேண்டும். சட்டம், மருத்துவம் மாதிரித் தொழில்களை அது இல்லாமல் செய்யக் கூடாது. பட்டம் இல்லாமல் தொழில்முறையாளர் என்று சொல்லிக்கொள்வது கூட்டாட்சித் தண்டனைச் சட்டத்தின் 250ஆம் பிரிவின்படி குற்றம். அரசு இணையதளத்தில் பெயரைப் போட்டால் செதுலா இருக்கிறதா என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தேர்தல் சமயத்தில் வேட்பாளர்களை இப்படித் தோண்டுவது பத்திரிகைக்காரர்களுக்கு வழக்கமான வேலை.

படிப்பை முடித்து, ஆய்வேடு எழுதாமல் தேங்கி நிற்கிறவர் 'பசாந்தே'. அப்படிப்பட்டவர்கள் ஏராளம். அவர்களையும் அலுவலகத்தில் லிக். என்றுதான் அழைப்பார்கள், விசிட்டிங் கார்டில் மட்டும் கவனமாக இருப்பார்கள். குறுக்கு வழியும் உண்டு. மெக்சிகோ சிட்டியில் சாந்தோ தொமிங்கோ சதுக்கம். வளைவு மண்டபங்களுக்குக் கீழே டைப்ரைட்டரோடு கடிதம் எழுதிக் கொடுப்பவர்கள், பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் சின்னச் சின்ன அச்சகங்கள். நீங்கள் நடந்து போனால் ஒருவர் வந்து காதோரம் 'என்ன பட்டம் வேண்டும்?' என்பார். போலிச் சான்றிதழுக்கு நாடு முழுக்கப் பெயர் வாங்கிய இடம். எதிரிலேயே பழைய மருத்துவக் கல்லூரிக் கட்டடம் என்பது தனி வேடிக்கை.

வேடந்தாங்கல் எழுதியது:

அக்கா, அண்ணன்மார்களே, எல்லாருக்கும் நன்றி. கேட்டது ஒரு சொல், கிடைத்தது ஒரு கண்டம்.

நான் எடுத்த முடிவு இது. பேனரில் எல்லாருக்கும் 'திரு.', 'திருமதி', பெயருக்குக் கீழே பதவி: 'மனிதவளத் தலைவர்', 'கொள்முதல் மேலாளர்'. பொறியாளர்களுக்கு மட்டும் 'பொறியாளர்' என்று பெயருக்கு முன்னால் போடுகிறேன், தமிழில் அது பழகிய வழக்கம்தானே. மேடையில் ஸ்பானிஷில் வரவேற்புச் சொல்லும் பெண்ணிடம் 'லிசென்சியாதோ', 'லிசென்சியாதா', 'இன்ஹெனியேரோ' மூன்றையும் எழுதிக் கொடுத்துப் பழக்கிவிடுகிறேன். கரையோரம் அண்ணே, உங்கள் 'பட்டதாரி' அழைப்பிதழில் வராது, கோபம் வேண்டாம்.

மதுரைக்காரி எழுதியது:

நல்ல முடிவு. ஒன்றே ஒன்று: 'திருமதி' வேண்டாம். கல்யாணம் ஆனவரா இல்லையா என்று ஊகிக்கிற வம்பை லிக். என்ற சொல்தான் அங்கே தவிர்த்துக் கொடுக்கிறது. அலுவலகத்தில் செஞோரா (திருமதி), செஞோரித்தா (செல்வி) என்று அழைப்பதை விட லிசென்சியாதா என்பதைப் பெண்கள் விரும்ப அதுவும் ஒரு காரணம். தமிழில் 'திருவாட்டி' போடுங்கள், இல்லையென்றால் பெயருக்குப் பின்னால் 'அவர்கள்'. மாஎஸ்த்ராவை மேடையில் மாஎஸ்த்ரா என்றே அழைக்கச் சொல்லுங்கள். கஷ்டப்பட்டு எம்.ஏ. முடித்துவிட்டு மறுபடி லிக். ஆனால் முகம் சுருங்கிவிடும்.

கரையோரம் எழுதியது:

'திருவாட்டி'க்கு என் ஓட்டு. கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பயணக் கட்டுரையில் அந்தப் புவேர்த்தோ வயார்த்தா விமான நிலையத்தின் பெயர் வந்தால் என்ன செய்வீர்கள்? அங்கேயும் 'திரு. தீயாஸ் ஓர்தாஸ் அவர்கள் விமான நிலையம்' என்றா?

பழஞ்சுவடி எழுதியது:

அங்கே லிசென்சியாதோ பெயரின் பகுதி, அப்படியே விட்டுவிடுங்கள். முதல் தடவை வரும்போது 'சட்டம் படித்த முன்னாள் அதிபர்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அடுத்த தடவையிலிருந்து 'வயார்த்தா விமான நிலையம்' என்று எழுதுங்கள், உள்ளூர்க்காரர்களே முழுப் பெயரைச் சொல்வதில்லை.